கட்டின பலூனைக் கழற்றுவது யார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, கிழக்குப் பக்கமாக கேம்ப் ரோடு வரைக்கும் சும்மா நடந்து பாருங்கள். புதுசாகத் திறந்த கடை வாசலில் பலூன் வளைவு. கல்யாண மண்டப வாசலில் பலூன் வளைவு. பிளே ஸ்கூல் ஆண்டு விழாவா, அங்கேயும் பலூன் வளைவு. வாழைமரமும் மாவிலைத் தோரணமும் இருந்த இடத்தையெல்லாம் பலூன் பிடித்துக்கொண்டு எத்தனையோ வருஷமாயிற்று!

வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பலூனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? எண்பது வயசு தாத்தாகூட ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் நகருவார். அதுவும் நம் ஊருக்கும் பலூனுக்கும் நெருங்கின சொந்தம் உண்டு. இன்றைக்கு டயருக்குப் பேர்போன எம்.ஆர்.எஃப். கம்பெனி 1946-இல் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில், குழந்தைகள் விளையாடும் பலூன் செய்துதான்! லாரி, பஸ் டயரெல்லாம் பிற்பாடு வந்த சமாச்சாரம்.

ஆகவே, பலூனை எதிரியாக்கி ஒழிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை இது. நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. கட்டுகிறோம் சரி... கழற்றுவது யார்?

இந்தக் கேள்வி எங்கே கிளம்பியது என்பதே ஒரு வேடிக்கைதான்.

கடல் நடுவில் ஒரு கலாட்டா

கப்பலில் உல்லாசப் பயணம் என்றால் ஒரு காலத்தில் அது வெள்ளைக்காரர் சமாச்சாரம். 2022 ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பலுக்குக் கொடி அசைத்த பிறகு அந்த நினைப்பு மாறிப்போனது. மறு வருஷம் இலங்கைக்கும் கப்பல் கிளம்பியது. சீட்டுப் பணம் எடுத்தோ, பையன் அனுப்பின டாலரிலோ, நம்மவர்களும் பெட்டியோடு புறப்பட்டுவிட்டார்கள். நம் தென் சென்னைப் புறநகரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போன அப்படி ஒரு பயணத்தில், ராத்திரி சாப்பாட்டு மேஜையில் நடந்த பேச்சு இது. பெயர்கள் வேண்டாம், ஊரே போதும்.

"என்ன சார் இது, எல்லா ரூம் கதவும் ஒரே மாதிரி இருக்கு! நேத்து ராத்திரி யாரோ ஒரு பஞ்சாபிக்காரர் ரூமைப் போய்த் தட்டிட்டேன். அவர் என்னைக் காபி கொண்டுவந்த ஆள்னு நினைச்சுட்டார்!" என்று ஆரம்பித்தார் பல்லாவரம் சார். ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர்.

"அதுக்குத்தான் அங்கிள், கதவுல பலூன் கட்டலாம்னு சொன்னேன். இவனுக்கும் நாளைக்கு நாலு முடியுது" என்று மடியிலிருந்த பையனைக் காட்டினாள் சேலையூர் பெண்.

"பலூன் எதுக்குடீ? ரெண்டு மாவிலை கொண்டுவந்திருந்தா ஜம்முனு தோரணம் கட்டியிருக்கலாம்" என்றார் குரோம்பேட்டை மாமி.

"விட்டா வாசல்ல கோலமே போட்டுடுவீங்க மாமி!"

"போட்டா என்ன? நேர்கோலம் போட்டாலும் கப்பல் ஆடற ஆட்டத்துல அது சிக்குக் கோலமா ஆயிடும், அவ்வளவுதானே!"

மேஜையே சிரித்தது. பல்லாவரம் சார் விடுவாரா? "கேஸ் பலூனா ஒரு ஆயிரம் கட்டிடுவோம். கப்பல் லேசாகும், எண்ணெய் மிச்சம்!"

"அப்படியே தூக்கிண்டு போய் கத்திப்பாராவுல இறக்கி விட்டுட்டா ஆட்டோ செலவும் மிச்சம்" என்றார் மாமி.

கூட வந்த காலேஜ் பையன் போனை நீட்டினான். "கட்டறதெல்லாம் பழசு ஆன்ட்டி. மேல் தளத்துல நின்னு நூறு பலூனை ஒரே நேரத்துல பறக்க விடணும். வீடியோ எடுத்துப் போட்டா லைக் அள்ளும்!"

அதுவரை பேசாமல் தோசையில் கவனமாக இருந்த ஒரு அக்கா நிமிர்ந்தார். சானடோரியம் பக்கத்தில் குடியிருக்கும் நர்ஸ். "பறக்க விடறது சரி தம்பி. அப்புறம் அது எங்க போகும்?"

"மேல..."

"மேல போனது?"

பையன் முழித்தான். மாமிதான் பதில் சொன்னார். "கீழதான் வரணும், வேறெங்க போகும்? எங்காத்துக் கல்யாணத்துல வாழைமரம் கட்டினவன் மறுநாள் காலம்பற வந்து அவனே அவுத்துண்டு போயிட்டான். பலூன் கட்டினவன் வந்தானோ? ஒரு வாரம் நான்தான் பொறுக்கினேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்... மாமி கேட்டதில் ஒரு டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. பலூன் ஊதியிருக்கும்போது அழகு. ஆபத்து பெரும்பாலும் அது வெடித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

தொண்டையில் ஒரு ரப்பர் துண்டு

முதலில் நம் வீட்டுக் கூடத்துக்கு வருவோம். விழா முடிந்தது. கேக் காலி. விருந்தாளிகள் போயாயிற்று. பெரியவர்கள் அசந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். தரையில் சிவப்பும் நீலமுமாக வெடித்த பலூன் துண்டுகள். தவழ்கிற குழந்தை அதில் ஒன்றை எடுத்து வாயில் வைக்கிறது. சூயிங்கம் மாதிரி மெல்லுகிறது. அடுத்த மூச்சை உள்ளே இழுக்கிறது... அவ்வளவுதான்!

மணியோ, நாணயமோ தொண்டையில் சிக்கினால் அது கெட்டியான பொருள். பக்கத்தில் கொஞ்சம் இடைவெளி இருந்து காற்று போய்வர வாய்ப்புண்டு. பலூன் ரப்பர் அப்படியில்லை. மெல்லிசு, வழவழப்பு, நெகிழும். மூச்சுப் பாதையின் வடிவத்துக்கே படிந்து, பாட்டில் மூடி மாதிரி அடைத்துவிடும். குழந்தை மூச்சு இழுக்க இழுக்க இன்னும் இறுகும். சத்தம் வராது, அழுகை வராது. பக்கத்து அறையில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. நினைத்தாலே பகீரென்கிறது இல்லையா?

இது வீண் பயமுறுத்தல் இல்லை. உணவுப் பொருள் அல்லாதவை தொண்டையில் அடைத்து இறந்த 449 குழந்தைகளின் விவரத்தை அமெரிக்காவில் ஆராய்ந்து, 1995-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அந்த மரணங்களில் நூற்றுக்கு 29 பலூனால்! இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் மூன்று வயதுகூட ஆகாதவர்கள். ஆனால் பலூன் விஷயத்தில் வயசு கொஞ்சம் கூடினாலும் நிம்மதி இல்லை. அதனால்தான் அந்த நாட்டில் பலூன் பாக்கெட் மேல், 'எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஊதாத பலூனும் உடைந்த பலூனும் ஆபத்து' என்று அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். நம்மிடமோ நாலு வயசுப் பிள்ளை கையில் பாக்கெட்டையே கொடுத்து, "நீயே ஊது கண்ணு" என்கிறோம்!

ஊதாத பலூனை வாயில் வைத்திருக்கும் குழந்தை சிரித்தாலோ, விக்கினாலோ, அடுத்த மூச்சை ஆழமாக இழுத்தாலோ பலூன் உள்ளே போய்விடும். எனவே எட்டு வயது வரைக்கும் ஊதும் வேலை பெரியவர்களுடையது. பாத்திரக் கடையிலும் ஃபேன்ஸி ஸ்டோரிலும் கைப் பம்ப் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.

அடைத்துவிட்டால் என்ன செய்வது?

இதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். குழந்தை இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள். இருமலைவிட நல்ல மருந்து அப்போது கிடையாது. இருமவும் முடியவில்லை, குரலும் வரவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒரு வினாடி தாமதிக்கக் கூடாது. ஒருவர் 108-க்குப் போன் செய்யட்டும், இன்னொருவர் முதலுதவியைத் தொடங்கட்டும்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால், உங்கள் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை உடம்பைவிடத் தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடு எலும்பில் ஐந்து அழுத்தம். பொருள் வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். இந்த வயதில் வயிற்றை அமுக்கக் கூடாது.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தை என்றால், முன்பக்கம் குனிய வைத்து முதுகில் ஐந்து தட்டு. பிறகு பின்னால் நின்றோ மண்டியிட்டோ, தொப்புளுக்கு மேலே, நெஞ்சு எலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்த வேண்டும். இதுவும் மாறி மாறித்தான். குழந்தை நினைவிழந்துவிட்டால் தரையில் கிடத்தி, மார்பு அழுத்தமும் செயற்கை மூச்சும் தொடங்க வேண்டும். பொருள் வெளியே வந்துவிட்டாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். அது துண்டை இன்னும் உள்ளே தள்ளும். மீன் முள் சிக்கினால் தருவது போல சோற்று உருண்டை, வாழைப்பழம், தண்ணீர் என்று எதையும் தரவே கூடாது.

உள்ளே என்ன காற்று?

அடுத்த விஷயம், பல்லாவரம் சார் ஆசைப்பட்ட கேஸ் பலூன். தானாக மேலே நிற்கும் பலூனில் இருப்பது ஹீலியமாக இருக்கலாம், ஹைட்ரஜனாகவும் இருக்கலாம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஹீலியம் எரியாது, ஆனால் விலை அதிகம். ஹைட்ரஜன் மலிவு. காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் சேர்த்துத் தெரு ஓரத்திலேயே தயாரிக்கிறவர்கள் உண்டு. அது காற்றோடு கலந்தால் ஒரு சின்னப் பொறி போதும், குப்பென்று பற்றும். கேக் மேல் மெழுகுவத்தி, பக்கத்தில் கொத்தாக ஹைட்ரஜன் பலூன்... நினைத்துப் பாருங்கள்!

உலகம் அறிந்த உதாரணம், வானத்துக் கப்பலான ஹிண்டன்பர்க். 1937 மே 6-ஆம் தேதி அமெரிக்காவில் தரையிறங்கும் நேரத்தில் தீப்பிடித்தது. உள்ளே நிரப்பியிருந்தது ஹைட்ரஜன். 36 பேர் மாண்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2020 செப்டம்பரில் நம் அம்பத்தூரை அடுத்த பாடியில், ஒரு கட்சி விழாவில் பறக்க விட வைத்திருந்த வாயு பலூன்கள் தீப்பிடித்து வெடித்ததில் பலருக்குத் தீக்காயம். 2022 அக்டோபர் 2-ஆம் தேதி, திருச்சியில் தீபாவளிக் கூட்டம் அலைமோதிய கடைவீதியில் பலூனுக்கு வாயு நிரப்பும் சிலிண்டர் வெடித்து ஒருவர் உயிரிழந்தார். ஆகவே, எரியாத ஹீலியமாகவே இருந்தாலும், பெரும் அழுத்தத்தில் அடைத்த சிலிண்டர் என்பது விளையாட்டுச் சாமான் இல்லை.

ஹீலியத்தை உறிஞ்சிக் கீச்சுக் குரலில் பேசி வேடிக்கை காட்டுகிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நுரையீரலுக்குள் பிராணவாயு போவதில்லை. தொடர்ந்து இழுத்தால் மயக்கம், அதற்கு மேல் மரணம். சிலிண்டரில் நேராக வாய் வைத்தால் அழுத்தத்தில் நுரையீரலே கிழியும். சிரிப்புக்குக் கொடுக்கிற விலையா இது?

இன்னொன்று, தங்கமும் வெள்ளியுமாக மின்னும் ஃபாயில் பலூன். அதன் மேல் பூச்சு உலோகம், மின்சாரம் பாயும். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடும் ஊர் நம்முடையது. பீச் - தாம்பரம் தடத்தின் மேல் கம்பியில் இன்றைக்கு ஓடுவது 25,000 வோல்ட்! மொட்டை மாடியிலிருந்து நழுவின ஃபாயில் பலூன் அந்தப் பக்கம் போனால்... ரயில்வேக்காரரான பல்லாவரம் சாரே இதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

'கடல் நமக்கு எங்கேயோ இருக்கு!'

இப்போது அந்தக் காலேஜ் பையனின் நூறு பலூனுக்கு வருவோம். பறக்க விட்ட பலூன் சொர்க்கத்துக்கா போகிறது? சில மேலே போய் வெடிக்கும். சில மெல்லக் காற்றிறங்கிக் கீழே வரும். கப்பலிலிருந்து விட்டால் கீழே என்பது கடல்தான்.

1986 செப்டம்பர் 27-ஆம் தேதி அமெரிக்காவின் க்ளீவ்லாந்து நகரத்தில் உலக சாதனைக்காகக் கிட்டத்தட்ட 15 லட்சம் பலூன்களை ஒரே நேரத்தில் பறக்க விட்டார்கள். மழையும் குளிர்காற்றும் அத்தனையையும் கீழே அமுக்கிவிட்டன. பக்கத்தில் இருந்த ஈரி ஏரி முழுக்க மிதக்கும் பலூன். அதே நேரம் படகில் போன இரண்டு பேரைக் காணோம் என்று கடலோரக் காவல் படை தேடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மிதப்பது மனுஷத் தலையா, பலூனா என்று தெரியாமல் திண்டாடினார்கள். அந்த இரண்டு பேரும் பிறகு பிணமாகத்தான் கிடைத்தார்கள்.

'ரப்பர்தானே, மட்கிப் போகும்' என்று பாக்கெட்டில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பலூன்களை 16 வாரம் மட்கு உரத்திலும் தண்ணீரிலும் போட்டுப் பார்த்து 2021-இல் முடிவைச் சொன்னார்கள். சொல்லிக்கொள்கிற மாதிரி மட்கவில்லை! இரண்டு வருஷம் முன்னால், 2019-இல், 1,700-க்கும் மேற்பட்ட கடல் பறவைகளைப் பரிசோதித்த ஆய்வில், கெட்டியான பிளாஸ்டிக்கை விழுங்குவதைவிடப் பலூனை விழுங்கின பறவை சாகும் வாய்ப்பு 32 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. காரணம்? குழந்தையின் தொண்டையில் என்ன நடந்ததோ அதேதான் பறவையின் குடலிலும். நெகிழ்ந்து படிந்து அடைத்துக்கொள்கிறது.

"கடல் நமக்கு எங்கேயோ இருக்கு சார், நாங்க இருக்கறது முடிச்சூர்ல" என்கிறீர்களா? முடிச்சூரை 2015-இல் மூழ்கடித்தது அடையாறு. அது எங்கே போய்ச் சேருகிறது? கடலில். செம்பாக்கம் ஏரித் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போய், ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் முகத்துவாரம் போகிறது. மழைநீர்க் கால்வாயில் விழுந்த பலூன் துண்டுக்கு வழி கேட்கவே வேண்டாம்!

அந்தக் கடற்கரைக்கு வருஷா வருஷம் தை மாதத்திலிருந்து பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1988-லிருந்து மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். 2025 ஜனவரியில் நம் கரையோரம் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது இழுவை வலை. பலூன் மேல் அந்தப் பழியைப் போட மாட்டேன். ஆனால் ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருக்கும் ஜீவனுக்கு நம் பங்குக்கு ஒரு பலூனும் எதற்கு?

கப்பல்களுக்கு இதில் சட்டமே இருக்கிறது. கப்பலிலிருந்து கடலில் எந்த பிளாஸ்டிக்கையும் போடக் கூடாது என்ற சர்வதேச விதி 1988 கடைசி நாளிலிருந்து அமலில் உள்ளது. உல்லாசக் கப்பல்களுக்குப் பேர்போன மயாமி துறைமுகம் இருக்கிற ஃப்ளோரிடா மாநிலத்தில், 2024 ஜூலை 1 முதல் வேண்டுமென்றே பலூன் பறக்க விடுவதே குற்றம். நம் நாட்டில் 2022 ஜூலை 1-ஆம் தேதி தடை செய்த பிளாஸ்டிக் பட்டியலில் பலூனுக்கு ஒரு வரி உண்டு. எது தெரியுமா? பலூனைச் சொருகுகிற பிளாஸ்டிக் குச்சி! குச்சிக்குத் தடை, பலூனுக்கு இல்லை. மிச்சத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்காமல் நாமே பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பலூனுக்கும் நல்ல பக்கம் உண்டு

திட்டிக்கொண்டே இருந்தால் நியாயமில்லை. 1824-இல் மைக்கேல் ஃபாரடே முதல் ரப்பர் பலூனைச் செய்தது விளையாட்டுக்கு இல்லை, வாயுக்களை ஆராய்வதற்காக. நம் மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறையினர் கருவி கட்டிய பலூனை மேலே அனுப்புகிறார்கள். மேல் காற்றின் போக்கைத் தெரிந்துகொள்ள அது வேண்டும். புயல் வருமா, எப்போது வரும் என்று கணிக்க அந்தத் தகவலும் உதவுகிறது. அந்தப் பலூனுக்கு ஒரு வேலை இருக்கிறது, அனுப்புகிறவருக்குப் பயிற்சி இருக்கிறது.

தாம்பரம் சானடோரியம் என்றாலே மூச்சு ஞாபகம் வரும். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரியின் பெயர்தான் அந்த ஸ்டேஷனுக்கே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் மூச்சுப் பயிற்சியாகப் பலூன் ஊதச் சொல்லும் பிஸியோதெரபிஸ்டுகள் உண்டு. ஆனால் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். மாரடைப்பு வந்தவர்கள், கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், நுரையீரல் உறையில் காற்று கசிந்தவர்கள், ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள், டாக்டரைக் கேட்காமல் தம் கட்டி ஊதவே கூடாது.

ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களும் உஷாராக இருக்க வேண்டும். பலூனைத் தொட்டால் அரிப்பு, ஊதினால் உதடு வீக்கம் என்றால் அலட்சியம் வேண்டாம். இவர்களில் சிலருக்கு வாழைப்பழம், பப்பாளிகூட ஒத்துக்கொள்ளாது. ஆபரேஷன், பல் வைத்தியம் என்று போகும்போது இந்த ஒவ்வாமையை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரப்பர் கையுறையே அவர்களுக்கு எமனாகலாம்.

காதையும் மறக்காதீர்கள். பலூன் வெடிக்கும் சத்தத்தைக் கனடாவில் அளந்து பார்த்தார்கள். காதுக்குப் பக்கத்தில் அதிகபட்சம் 168 டெசிபல், துப்பாக்கி வெடிப்பதற்குச் சமானம்! கைக்குழந்தை காதருகே 'டப்'பென்று உடைத்துச் சிரிக்கும் மாமாக்கள் இனிமேல் கையைக் கட்டிக்கொள்ளட்டும்.

ஆகவே, என்ன செய்யலாம்?

எண்ணிக் கட்டுங்கள். நூறு கட்டினால் நூறும் திரும்பிக் கைக்கு வர வேண்டும். பத்து போதும் என்றால் பத்தோடு நிறுத்துங்கள். எண்ண முடியாத அளவுக்கு எதற்கு?

அலங்காரக்காரரிடம் பேரம் பேசும்போதே, "நீங்களே வந்து கழற்றிக்கொண்டு போக வேண்டும்" என்று சேர்த்துப் பேசுங்கள். முன்பணம் கொடுக்கும்போது சொன்னால்தான் காரியம் நடக்கும். பூக்காரரும் பந்தல்காரரும் செய்கிற வேலைதானே!

வாயில் ஊதாமல் பம்ப்பில் காற்று நிரப்புங்கள். கேஸ் பலூனையும் சிலிண்டரையும் வீட்டுக்குள், மண்டபத்துக்குள், குடியிருப்பின் லிஃப்ட்டுக்குள் விடாதீர்கள். எந்த பலூனும் விளக்குக்கும் மெழுகுவத்திக்கும் தள்ளியே இருக்கட்டும்.

விழா முடிந்ததும் கேக் வெட்டின கத்தியைக் கழுவுவதற்கு முன்னால் பலூன் துண்டுகளைப் பொறுக்குங்கள். சோபா அடி, கட்டில் அடி, கதவிடுக்கு எல்லாம் பாருங்கள். ஊதின பலூனை ராத்திரி குழந்தை தூங்கும் அறையில் விட்டுவைக்காதீர்கள்.

பறக்க விடுகிற சமாச்சாரமே வேண்டாம். அஞ்சலிக்காகவும் வேண்டாம், திறப்பு விழாவுக்காகவும் வேண்டாம். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் கையில் பலூன் கொத்தைக் கொடுத்தால், பெற்றோர் சங்கத்தில் எழுந்து நின்று மறுப்புச் சொல்லுங்கள். ஒரு மரக்கன்று கொடுத்தால் அவரும் சந்தோஷப்படுவார்.

கப்பலில் போகிறவர்களா நீங்கள்? முன்கூட்டியே அந்தக் கப்பலின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அறைக் கதவுக்கு அடையாளம் வேண்டுமென்றால் பலூன் எதற்கு? பெரும்பாலான கப்பல்களில் கதவு இரும்பு. வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை ஒன்றைக் கழற்றி எடுத்துப் போனால் காரியம் முடிந்தது. திரும்பும்போது அதையே எடுத்து வந்து ஃபிரிட்ஜிலேயே ஒட்டிவிடலாம். துணித் தோரணம், காகிதப் பூ, பேப்பர் கொடி எல்லாம் வீட்டு விழாவுக்கு ஜோராக இருக்கும். மடித்து வைத்தால் அடுத்த பிறந்த நாளுக்கும் ஆயிற்று.

அடுத்த வாரமே உங்கள் வீட்டிலோ, எதிர் வீட்டிலோ ஒரு பிறந்த நாள் வரலாம். தாராளமாகக் கொண்டாடுங்கள். பலூனும் கட்டுங்கள். எல்லோரும் கிளம்பினதும் ஒரு பையை எடுத்துக்கொண்டு, கட்டின அதே கையால் எல்லாவற்றையும் கழற்றிக் கட்டிப் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். பத்து நிமிஷ வேலை. வீட்டில் தவழ்கிற பிள்ளை இருந்தால், அந்தப் பத்து நிமிஷத்தைவிட நல்ல பிறந்த நாள் பரிசு வேறு எதுவும் இல்லை.